அத்தை சீட்

நான் பார்த்த நாடகமெல்லாம் பாதி நாடகம். மீதிப் பாதியைத் தூண் பார்த்தது.

எங்கள் தெருமுனையில் இருக்கும் அந்தச் சின்ன நாடக அரங்கில் வாசலுக்கும் படி, உள்ளே இருக்கை வரிசைகளுக்கும் படி, கழிவறைக்குக்கூடப் படி. கட்டியவருக்குப் படிமேல் அப்படி என்ன பாசமோ தெரியவில்லை. தெருவோடு சமமாக இருப்பது ஒரே ஒரு பக்கவாட்டுக் கதவுதான். அது வழியாக என் சக்கர நாற்காலியை உள்ளே விடுவார்கள். விட்டு, கதவை ஒட்டிய மூலையில், மாடியைத் தாங்கும் தூணுக்குப் பின்னால் நிறுத்திவிடுவார்கள். அங்கிருந்து மேடையின் இடது பாதி தெரியும். வலது பாதியில் யாராவது அழுதால் நான் காதால் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காது எனக்கு நன்றாகவே கேட்கும். ஒரு கம்பெனிக்காகத் தொலைபேசியில் புகார் கேட்கிற வேலை. யார் நிஜமாகவே கோபப்படுகிறார்கள், யார் வீட்டில் வாங்கிய திட்டை இங்கே கொட்டுகிறார்கள் என்று மூச்சை வைத்தே சொல்லிவிடுவேன். நாள் முழுக்க அடுத்தவர் கோபத்தை வாங்கிக்கொள்வதால் என் சொந்தக் கோபத்துக்குச் சாயங்காலம்தான் நேரம் கிடைக்கும்.

அந்த அரங்கில் என் தங்கை நடிக்கிறாள். நான் விடாமல் போவதற்கு அதுதான் காரணம். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவளுக்கு என் தூண் கதை தெரியும். அதனால் எந்த வேஷம் கொடுத்தாலும் நைசாக இடது பக்கம் நகர்ந்துவிடுவாள். ராணியாக இருந்தாலும் சரி, வேலைக்காரியாக இருந்தாலும் சரி, சாவதென்றால் இடது பக்கம் வந்துதான் சாவாள். இயக்குநர் தலையில் அடித்துக்கொள்வார்.

இந்த முறை அந்தத் தந்திரம் பலிக்கவில்லை. புது நாடகத்தின் கடைசிக் காட்சி மேடையின் வலது ஓரத்தில், ஒரு ஜன்னல் பக்கத்தில் நடக்கிறது. ஜன்னலைத் தூக்கிக்கொண்டு அவள் இடது பக்கம் வர முடியாது. அதைவிட மோசம், அந்தக் காட்சியில் வசனமே கிடையாது. இனி வரமாட்டான் என்று தெரிந்த ஒருவனுக்காக அவள் ஜன்னலில் நின்று காத்திருக்கிறாள். முகம் மட்டும்தான் பேசுகிறது. பார்த்தவர்கள் எல்லாரும் அந்த முகத்தைப் பற்றியே பேசினார்கள். அந்த நேரம் முழுக்க நான் தூணில் சுண்ணாம்பு பெயர்ந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த நாடகம் முடிந்ததும் தங்கை போகிறாள். தூரத்து நகரத்தில் ஒரு பெரிய குழு அவளைக் கூப்பிட்டிருக்கிறது. சனிக்கிழமைதான் கடைசி நாள். அன்றைக்கும் பார்க்காவிட்டால், என் தங்கையின் அந்த முகத்தை ஊரில் பார்க்காத ஒரே ஆள் நான்தான்.

எனக்குப் பொருந்துகிற இடம் அந்த அரங்கில் இல்லாமல் இல்லை. மூன்றாவது வரிசையின் இடது ஓர இருக்கை. பக்கவாட்டுக் கதவிலிருந்து நடைவழியாக அதன் முதுகுவரை நேராகப் போய்விடலாம், நடுவில் ஒரு படிகூடக் கிடையாது. அந்த இருக்கையைக் கழற்றிவிட்டால் என் நாற்காலி அளவெடுத்த மாதிரி உட்காரும். மேடை மொத்தமும் தெரியும். ஆனால் அது அத்தை சீட்.

அதை யாருக்கும் கொடுப்பதில்லை. அரங்கைக் கட்டிய பெரிய முதலாளியின் அக்காவுக்கு உரியது அது. அந்த அம்மாதான் இந்த மேடையின் முதல் கதாநாயகி. ஒரு ஒத்திகையில் மேடையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. அதற்குப் பிறகும் ஒரு நாடகம் விடாமல் வந்தார். தம்பி அவரை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு வந்து அந்த இருக்கையில் உட்காரவைப்பார். சபையே எழுந்து நின்று கை தட்டும். அவர் இறந்த பிறகும் அந்த இருக்கையைக் காலியாகவே வைத்திருக்கிறார்கள். வேஷம் போட்டதும் நடிகர்கள் திரை இடுக்கு வழியாக அதைப் பார்த்துத் தலை வணங்குகிறார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. மணி அடித்து விளக்கு அணைந்த பிறகும் திரை உடனே உயராது. எல்லாரும் மூச்சுவிடாமல் காத்திருப்பார்கள். இருட்டில் அந்தக் காலி இருக்கையிலிருந்து 'பட்' என்று ஒரு சத்தம் வரும். பலகை அடிபடுகிற சத்தம். அத்தை வந்து உட்கார்ந்துவிட்டார் என்று சபை கை தட்டும். அதற்குப் பிறகுதான் திரை. புதிதாக வருகிறவர்கள் ஏதோ கயிறு கட்டி இழுக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். கயிறும் இல்லை, ஆளும் இல்லை. அதற்குப் பக்கத்திலேயே இருட்டில் கிடப்பவள் நான், எனக்குத் தெரியும்.

எனக்கு இன்னொன்றும் தெரியும். 'பட்' என்பதற்கு முன்னால் வேறொரு சத்தம் வரும். பக்கவாட்டுக் கதவுக்கு வெளியே ஆரம்பிக்கும். க்ரீச், கொஞ்சம் இடைவெளி, மறுபடி க்ரீச். எண்ணெய் காணாத ஒரு சின்னச் சக்கரம். மூடிய கதவைத் தாண்டி, என் முழங்காலை உரசுகிற மாதிரி என்னைக் கடந்து, இருக்கையை நோக்கிப் போகும். முதல் தடவை கேட்டபோது என்னைப் போல இன்னொருத்தர் வருகிறார் என்று சந்தோஷமாகத் திரும்பிப் பார்த்தேன். அங்கே ஒருவரும் இல்லை. கதவு தாழ் போட்டபடியே இருந்தது.

நாடகம் முடிந்து, கூட்டம் கலைந்து, தங்கை மேக்கப்பைக் கலைக்கிற நேரத்தில் அது திரும்பிப் போகும். போகும்போது இன்னும் மெதுவாக. கதவுக்கு வெளியே, மழைத் தண்ணீர் தேங்குகிற இடத்தில் போய் நின்றுவிடும். தங்கை வருவதற்குக் கொஞ்சம் தாமதமானாலும் பயத்தோடு அவள் வரும் வழியையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவளிடம்கூட இதைச் சொன்னதில்லை. சொன்னால் என்னைத் தனியாக விட்டுவிட்டு ஊருக்குப் போகமாட்டாள்.

புதன்கிழமை மதியம் தங்கையைக் கூட்டிக்கொண்டு சின்ன முதலாளியைப் பார்க்கப் போனேன். பெரிய முதலாளியின் மகன்; தலை முழுக்க நரைத்த பிறகும் எல்லாருக்கும் அவர் சின்ன முதலாளிதான். காலி அரங்கின் முன்வரிசையில் உட்கார்ந்து கிழிந்த மெத்தை உறை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"சார், சனிக்கிழமை ஒரு நாள் மட்டும் அந்த சீட்டைக் கழட்டிக் குடுங்க. மறுநாளே மாட்டிடலாம்" என்றேன்.

"எந்த சீட்டை?"

"அத்தை சீட்டை."

அவர் ஊசியைக் கீழே வைத்தார். "ஏம்மா, விளையாடுறியா? அப்புறம் அத்தை வந்து எங்க உட்காருவாங்க?"

"நான் எங்க உட்கார்றது?"

"உனக்குத்தான் இடம் இருக்கே."

"அது இடமா சார்? துடைப்பத்தைச் சாத்தி வைக்கிற மூலை."

தங்கை குறுக்கே வந்தாள். "கடைசி சீன்ல என் முகத்தை அக்கா ஒரு நாள்கூடப் பார்த்தது இல்ல சார். நான் யாருக்காக நடிக்கிறேன்னு நினைச்சீங்க?"

சின்ன முதலாளி மோசமான மனிதர் இல்லை. கொஞ்ச நேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு முகம் மலர்ந்து சொன்னார்: "ஒண்ணு பண்ணலாம். நம்ம ஆளுங்க ரெண்டு பேரை விட்டு உன்னை அலுங்காம தூக்கிட்டு வந்து நடு வரிசையில உட்கார வைக்கிறேன். அத்தையையே அப்பா தூக்கிட்டு வந்துதானே வைப்பார்? பார்க்கிறவங்களுக்குக் கண்ணு கலங்கிடும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என்னை ஒருமுறை அப்படித் தூக்கியிருக்கிறார்கள், வேறொரு அரங்கில். ஒருத்தர் கை என் அக்குளில். இன்னொருத்தர் கை எங்கே இருந்தது என்று அவருக்கே தெரியாது. சட்டை மேலேறி வயிறு தெரிந்தது. படி நெடுக "பார்த்து, பார்த்து" என்றார்கள், எல்லாரும் பார்த்தார்கள். உட்காரவைத்ததும் யாரோ கை வேறு தட்டினார். என் நாற்காலியை எங்கேயோ கொண்டுபோய் ஓரம் கட்டிவிட்டார்கள். அன்றைக்கு மேடையில் என்ன நடந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. என் நாற்காலி எங்கே, என் நாற்காலி எங்கே என்பதே என் நினைப்பாக இருந்தது.

அந்த நினைப்பில்தான் கேட்டேன். "உங்க அத்தைக்குச் சக்கர நாற்காலி இருந்துதா சார்?"

"ஏன் இல்லாம? இரும்புச் சக்கரம் வச்சது. வீட்டுல அதுலதான் ஓடிக்கிட்டு இருப்பாங்க. இங்க உள்ள கொண்டுவர அப்பா விடமாட்டார்."

"ஏன்?"

"கதாநாயகியா பார்த்த ஜனங்க அந்தக் கோலத்துல பார்க்கக் கூடாதுன்னு. அந்தக் கதவு வரைக்கும் அதுல வருவாங்க. அதை வெளியே நிறுத்திட்டு அப்பா தூக்கிட்டு வருவார். பாவம், பல நாள் மழையில நனைஞ்சிட்டு நிக்கும்."

"அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"சொல்லிக்கிட்டேதான் இருப்பாங்க. 'என்னை விடுடா, என் இடத்துக்கு நானே உருட்டிட்டுப் போறேன்'னு. அப்பா காதுல போட்டுக்க மாட்டார். அத்தை இறந்ததும் முதல் வேலையா அதைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டார்."

அதுவரை அந்தச் சத்தத்துக்கு நான் பயந்துகொண்டு மட்டும்தான் இருந்தேன். இப்போது பயத்தோடு கோபமும் சேர்ந்துகொண்டது, எனக்காக மட்டும் இல்லாத ஒரு கோபம்.

"இங்க பாருங்க சார்" என்று நாற்காலியைத் திருப்பினேன். பக்கவாட்டுக் கதவுவரை போய், அங்கிருந்து அத்தை சீட்டை நோக்கி உருட்டினேன். வேகமாக இல்லை, ஒருத்தர் தன் இடத்துக்கு வருகிற வேகத்தில். கால் வைக்கிற தகடு இருக்கையின் பின்பலகையில் போய் மோதியது.

'பட்.'

சின்ன முதலாளி எழுந்துவிட்டார். மடியிலிருந்த உறை கீழே விழுந்ததை அவர் கவனிக்கவில்லை.

"இன்னொரு தடவை" என்றார்.

பின்னால் போய் மறுபடி வந்தேன். 'பட்.'

"அத்தை உட்கார்ற சத்தம் இல்லையா அது?" அவர் குரல் எங்கோ உள்ளே போயிருந்தது.

"உட்கார்ற சத்தம் இல்ல சார், முட்டிக்கிற சத்தம். ஒவ்வொரு நாளும் தன் நாற்காலியோட வந்து இதுல முட்டிக்கிட்டு நிக்கிறாங்க. நாம கை தட்டுறோம்."

தங்கை என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் கேட்டுவந்த சக்கரச் சத்தத்தை அப்போதுதான் இருவருக்கும் சொன்னேன். சின்ன முதலாளி அந்த இருக்கையின் முதுகை, சுடுகிறதா என்று பார்ப்பதைப் போலத் தொட்டார். பின்பலகையில், தகடு பட்ட உயரத்தில், பழைய அடிகளால் ஒரு குழிவு விழுந்திருந்தது. என் நாற்காலி இரண்டு தடவை மோதி விழுந்த குழிவு இல்லை அது.

"கழட்டிடலாம்" என்றார்.

சனிக்கிழமை அவரே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். வேறு யாரையும் தொடவிடவில்லை. போல்ட்டுகள் துருவேறி இறுகிப்போயிருந்ததில் மதியம் முழுக்கப் போய்விட்டது. அவர் இருக்கையை அகற்றும்போது ஜனங்கள் உள்ளே வர ஆரம்பித்துவிட்டார்கள். அடியில் மண்டியிருந்த தூசியைக் கூட்டவும் நேரம் இல்லை.

உள்ளே நடிகர்களுக்கு உதறல். இருக்கையே இல்லையென்றால் சத்தம் எப்படி வரும்? சத்தம் வராமல் மேடை ஏறமாட்டோம் என்று முதல் காட்சியில் வருகிற இரண்டு பேர் சொல்லிவிட்டதாகத் தங்கை வந்து சொன்னாள். வேஷம் போட்டு முடித்திருந்தாள். "நாடகமே நடக்கலைன்னா என்னக்கா பண்றது?" என்றாள். "போடி, நடக்கும்" என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை.

மணி அடித்தபோது நான் இன்னும் கதவருகேதான் நின்றேன். கூட்டம் உட்கார்ந்து வழி விடட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், முதல் ஆளாக அந்த இடத்தில் போய் நிற்க எனக்கு மனசு வரவில்லை. விளக்கு அணைந்தது. சபை மூச்சைப் பிடித்துக்கொண்டது.

க்ரீச்.

வெளியே, தண்ணீர் தேங்குகிற இடத்தில் ஆரம்பித்தது. க்ரீச். என் முதுகுக்குப் பின்னால் கதவு இருந்தது. அதை அது பொருட்படுத்தவில்லை. நனைந்த இரும்பின் வாடை வந்தது. அன்றைக்கு மழையே இல்லை. சத்தம் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றது. வழியில் நான் நின்றுகொண்டிருந்தேன். என் சக்கரத்தில் எதுவோ மெல்லத் தட்டியது. டங். நெரிசலில் ஒரு நாற்காலி இன்னொரு நாற்காலியைத் தட்டுகிற தட்டு.

"சாரி, போங்க" என்று சொல்லிப் பின்னால் நகர்ந்தேன்.

அது போயிற்று. இதுவரை முட்டி நின்ற இடத்தையும் தாண்டி, இன்னும் கொஞ்சம் முன்னால் போய் நின்றது. டக். பிறகு இன்னொரு டக். இரண்டு பக்கமும் பிரேக் போடுகிற சத்தம் எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? அதோடு அமைதி.

'பட்' வரவில்லை. சபை காத்திருந்தது. யாரோ இருமினார்கள், யாரோ பயந்த சிரிப்பு ஒன்று சிரித்தார்கள். திரை அசையவே இல்லை. சின்ன முதலாளி கையில் டார்ச்சோடு, குனிந்தபடி என்னிடம் ஓடிவந்தார். "சத்தம் வரலியேம்மா. உள்ள யாரும் நகர மாட்டேங்கிறாங்க. ஜனங்களை அனுப்பிடட்டுமா?"

"அவங்க வந்தாச்சு சார். டார்ச்சைத் தரையில அடிங்க."

அடித்தார். இருக்கை இருந்த இடத்துத் தூசியில் இரண்டு கோடுகள். என் டயரைப் போல அகலமானவை இல்லை. ஒல்லியான, ஆழமான கோடுகள். நான் கதவைவிட்டு நகரவே இல்லை. கோடுகள் உள்ளே போயிருந்தன, திரும்பி வரவில்லை. அவர் வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே குந்திவிட்டார். "அத்தை" என்றார், யாருமில்லாத அந்த இடத்தைப் பார்த்து. கொஞ்சம் கழித்து என்னைப் பார்த்தார். "அப்போ நீ?"

அந்த இடத்துக்குள் இரண்டு நாற்காலி கொள்ளாது. வெறும் இடமாகத்தானே தெரிகிறது, நான் போய் நின்றால் யார் கேட்கப் போகிறார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்திலேயே வெட்கமாகவும் போயிற்று. இத்தனை காலம் முட்டிக்கொண்டு நின்றவர்மேல் நானும் போய் முட்டுவதா? அதற்காக மறுபடி தூணுக்குப் பின்னால் போய் நிற்க நான் தியாகியும் இல்லை.

"பக்கத்து சீட்டையும் கழட்டுங்க சார்."

"இப்பவா? அதுல ஆள் உட்கார்ந்திருக்காரேம்மா!"

"எழுந்திரிக்கச் சொல்லுங்க. அவருக்குக் கால் இருக்கு."

அந்த இருக்கையில் தடித்த கண்ணாடி போட்ட ஒருவர் இருந்தார். "நான் டிக்கெட் வாங்கிட்டு வந்திருக்கேன், எதுக்கு எழுந்திரிக்கணும்?" என்று ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தி, தன் இடது கையைத் தடவிக்கொண்டார். "இங்க யாரு என் முழங்கையை இடிக்கிறது?" என்று காலிப் பக்கத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவரை யாரும் எழச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அலுவலக அறையிலிருந்து ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். இருந்த ஒரே இடம் தூணுக்குப் பின்னால்தான்.

விளக்கைப் போடச் சொல்லிவிட்டுச் சின்ன முதலாளி சபையைப் பார்த்து நின்றார். கையில் ஸ்பேனர். "ரெண்டு பேர் வந்திருக்காங்க. இடம் பண்ணிட்டுத் திரையைத் தூக்குறோம்" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. அத்தை சீட்டைப் போல இது துருப்பிடித்திருக்கவில்லை, சீக்கிரமே கழன்றது. அவர் கடைசி போல்ட்டைத் திருகி எடுக்கும்வரை அத்தனை பேரும் அந்த இரண்டு கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரை இடுக்கில் நடிகர்களின் கண்கள் தெரிந்தன.

நான் உருட்டிக்கொண்டு போய் என் இடத்தில் நின்றேன். பிரேக் போட்டேன். டக், டக். விளக்கு அணைந்தது, திரை உயர்ந்தது. இடது பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பக்கத்துக் கையில் மட்டும் நாடகம் முழுக்க ஒரு குளிர் இருந்தது.

கடைசிக் காட்சி வந்தது. வலது ஓரத்து ஜன்னலில் என் தங்கை நின்றாள். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எனக்குத் தெரிந்த முகம் அது. ஒவ்வொரு நாளும் கூட்டம் போன பிறகு தூணுக்குப் பின்னால், அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, அவள் எப்போது வருவாள் என்று காத்துக்கொண்டிருப்பேனே, அந்த முகம். நான் பயப்படுவதை மறைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். கழுதை, அத்தனையும் பார்த்து வைத்திருக்கிறாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

திரை விழுந்தது. மறுபடி உயர்ந்தபோது சபையே எழுந்து நின்றது. எனக்கு முன்னால் இருந்த இரண்டு வரிசையும் எழுந்தன. அவ்வளவுதான், முதுகுகள். தங்கை வணங்கியதை நான் பார்க்கவில்லை. நின்றவர்கள் கை தட்டினார்கள். அந்தச் சத்தம் என் தலைக்கு மேலே எங்கேயோ இருந்தது.

ஒரு சத்தம் மட்டும் மேலேயிருந்து வரவில்லை. என் இடது பக்கம், சரியாக என் காது உயரத்தில், இரண்டு கைகள் நிதானமாகத் தட்டிக்கொண்டிருந்தன. என் கைகள் இன்னும் என் சக்கரங்களின் மேல்தான் இருந்தன.